சித்தப்பா வைத்த சிவப்புப் புள்ளி

என் சித்தப்பா மாதிரிப் பேசிக் காட்டுவது ரொம்பச் சுலபம். முதலில் தாடையை உள்ளே இழுத்துக்கொள்ள வேண்டும். பிறகு சுவருக்கு அந்தப் பக்கம் நிற்கிற ஆளிடம் சொல்வதுபோல, மூக்கால் கொஞ்சம், தொண்டையால் கொஞ்சம்: "மூச்சை நல்லா இழுங்க... பிடிச்சுக்குங்க... அசையாதீங்க..." அப்புறம் ஒரு சின்ன மௌனம். அந்த மௌனத்தில் எங்கேயோ ஒரு பொத்தான் அமுங்கும். "ம். விடலாம்."

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறவர் அவர். காலையிலிருந்து சாயங்காலம் வரை ஊரார் நெஞ்சையெல்லாம் மூச்சுப் பிடிக்க வைத்து அனுப்புவதுதான் வேலை. அந்த வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. அவர் எடுத்த படம் மங்கலாக இருக்கிறது என்று எந்த டாக்டரும் திருப்பி அனுப்பியதில்லை. வேலை முடிந்து வீட்டுக்கு வந்து, கை கால் கழுவி, வாசல் பக்கத்து ஷெட்டைத் திறப்பார் பாருங்கள், எங்கள் கஷ்டகாலம் அங்கேதான் ஆரம்பம்.

ஷெட்டுக்குள் இருப்பது ஒரு கார். சித்தப்பாவைவிட வயதில் மூத்தது. கரும்பச்சை நிறம், தவளைக் கண் மாதிரி இரண்டு விளக்கு, நீள மூக்கு. கதவைச் சாத்தினால் பீரோவைச் சாத்துகிற சத்தம் வரும். அதே ஆஸ்பத்திரியில் ஓய்வு பெற்ற எலும்பு டாக்டரிடமிருந்து வாங்கியது. "டாக்டர் ஓட்டின வண்டி" என்று சித்தப்பா சொல்லும்போது, அந்த வண்டியே நாலு பேருக்கு மாவுக்கட்டுப் போட்டிருக்கும் என்று நமக்குத் தோன்றிவிடும்.

ஸ்டியரிங்குக்குப் பின்னால் ஒரு வட்ட மீட்டர். ஆயில் பிரஷர் மீட்டர். இன்ஜினுக்குள் ஒரு பம்ப் ஆயிலைத் தள்ளிக்கொண்டே இருக்கிறது, எவ்வளவு அழுத்தத்தோடு தள்ளுகிறது என்று மீட்டர் முள் காட்டும். ஆயில் போய்ச் சேராவிட்டால் உள்ளே இரும்போடு இரும்பு உரசி இன்ஜின் இறுகிப்போகும். அதோடு ஆள் அவுட். ஆகவே முள்ளைப் பார்ப்பதில் தப்பே இல்லை. ரோட்டைப் பார்க்காமல் முள்ளைப் பார்ப்பதில்தான் சங்கடம்.

அந்த மீட்டர் கண்ணாடிமேல் ஒரு சிவப்புப் புள்ளி இருக்கும். சித்தியின் நெயில் பாலிஷ். வண்டி வீட்டுக்கு வந்த புதிதில், நல்ல ஆரோக்கியமான இன்ஜினுக்கு முள் இங்கேதான் நிற்க வேண்டும் என்று சித்தப்பாவே வைத்த அடையாளம். இது எக்ஸ்ரேக்காரர்களின் புத்தி. எந்த நோயாளி வந்தாலும் முதல் கேள்வி, "பழைய படம் இருக்கா?" பழசையும் புதுசையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டி, வெளிச்சம் போட்டுப் பார்த்தால்தான் எங்கே கெட்டிருக்கிறது என்று தெரியுமாம். அந்தப் புள்ளிதான் காருக்கு அவர் வைத்திருந்த பழைய படம்.

சிக்கல் என்னவென்றால், முள் அந்தப் புள்ளியில் நிற்காது. ஷெட்டில் ஸ்டார்ட் செய்ததும் ஜம்மென்று ஏறிப் போய்ப் புள்ளியைத் தொடும். சித்தப்பா முகத்தில் விளக்கெரியும். தெருமுனை தாண்டி, பெரிய ரோட்டைப் பிடித்து, மார்க்கெட் பக்கம் போவதற்குள் முள் மெல்ல இறங்க ஆரம்பிக்கும். முகமும் கூடவே இறங்கும். தாடை உள்ளே போகும். "இறங்குது," என்பார் யாரிடமோ. இன்னும் கொஞ்ச தூரத்தில் ஓரம் கட்டிவிடுவார். பானெட்டைத் தூக்கி, டாஷ்போர்டில் வைத்திருக்கும் விசிறியை எடுத்து இன்ஜினுக்கு விசிறுவார். வெயிலில் சித்தியும் நானும் நிற்போம். எங்களுக்கு விசிற ஆள் கிடையாது.

அவர் முடிவு ரொம்பத் தெளிவானது. ஆயில் சூடானால் தண்ணியாகிறது, தண்ணியானால் பிரஷர் இறங்குகிறது. ஆகவே ஆயில் சூடாகவே கூடாது. இந்த ஒற்றை வரியைப் பிடித்துக்கொண்டு மனிதர் வாழ்ந்தார். சித்தி அவரோடு வாழ்ந்தாள்.

எங்கள் மெக்கானிக்கை நாங்கள் 'பரவாயில்லை' என்றுதான் கூப்பிடுவோம். எதைச் சொன்னாலும் துணியில் கையைத் துடைத்துக்கொண்டே, ஒவ்வொரு எழுத்தாக இழுத்து, "ப...ர...வா...யில்ல சார், ஓட்டலாம்" என்பார். இவரைப் பேசிக் காட்ட, ஒரு கொட்டாவி விட்டுக்கொண்டே பேசினால் போதும், குரல் அப்படியே வந்துவிடும். சூடானால் பிரஷர் இறங்கத்தான் செய்யும், ஓடும்போது பாதி இருந்தால் போதும் என்று அவர் பலமுறை சொல்லிப் பார்த்திருக்கிறார். சித்தப்பா புள்ளியைக் காட்டுவார். "வாங்கினப்ப இங்க இருந்துச்சு. இப்ப இங்க இருக்கு. நடுவுல இருக்கறது எங்க போச்சு?" பரவாயில்லை துணியை மடித்துத் தோளில் போட்டுக்கொள்வார். சார் கேட்டதைச் செய்து கொடுத்துவிட்டுப் போய்விடுவார்.

அப்படி முதலில் வந்தது கெட்டியான ஆயில். லாரிக்கு ஊற்றுவார்களே, அந்தத் தேன் பதத்தில் ஒன்று. முள் கொஞ்சம் ஏறியது, போதவில்லை. அடுத்து, பிரஷர் அளவுக்கு மேல் போனால் திறந்து விடுகிற வால்வு ஒன்று உண்டாம். அதன் ஸ்பிரிங்குக்கு அடியில் ஒரு வாஷரைப் போட்டு இறுக்கச் சொன்னார். ஒரு வாஷர் போதாதென்று இன்னொன்று. விளைவு, ஒரு காலையில் ஸ்டார்ட் செய்ததும் முள் புள்ளியைத் தாண்டிக் குதித்தது, சித்தப்பா சந்தோஷத்தில் சித்தியைக் கூப்பிட்டார், சித்தி ஷெட்டுக்குள் காலை வைத்தாள், ஆயில் ஃபில்டரின் ரப்பர் பிதுங்கிக்கொண்டு வெடித்தது. பள்ளிக்கூட நூலகத்தில் வேலை சித்திக்கு. அன்றைக்கு அவள் கட்டியிருந்தது வெளிர் மஞ்சள் புடவை. மேற்கொண்டு நான் சொல்ல வேண்டியதில்லை.

வாஷர் வெளியே வந்தது. ஆயில் கூலர் உள்ளே வந்தது. ரேடியேட்டர் மாதிரியே, ஆனால் தண்ணீருக்குப் பதில் ஆயில் ஓடுகிற சின்னச் சட்டம். முன் பம்பருக்குக் கீழே, காற்று நேராக அடிக்கிற இடத்தில் மாட்டினார்கள். முள் கொஞ்சம் நிமிர்ந்தது. பழைய பேருந்திலிருந்து கழற்றிய இன்னொரு பெரிய கூலரை அதன் பக்கத்தில் மாட்டினார்கள். முள் இன்னும் கொஞ்சம் நிமிர்ந்தது. காரின் மூக்குக்குக் கீழே இரண்டும் பல் செட் மாதிரி தெரியும். தகடுகளில் தூசி, பூச்சி அடையக் கூடாதென்று, எக்ஸ்ரே ரூமில் மெஷினைப் போர்த்துகிற மாதிரி, கெட்டி ரெக்ஸினில் ஒரு உறை தைத்து இரண்டுக்கும் சேர்த்துக் கட்டி வைத்தார். வண்டி எடுக்கும்போது நாடாவை அவிழ்த்து, உறையை உதறி, மடித்து டிக்கியில் வைப்பார். நாங்கள் உள்ளே உட்கார்ந்து அந்தச் சடங்கு முடியக் காத்திருப்போம்.

இவ்வளவுக்கும் பிறகு சமதரையில் முள் புள்ளிக்குக் கிட்டத்தட்ட வந்துவிடும். மலைப் பாதையில்தான் மானம் போகும். சித்தியின் அக்கா வீடு மலைமேல் இருக்கிறது. சித்திக்குப் பஸ் ஒத்துக்கொள்ளாது, முதல் வளைவிலேயே எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொள்வாள். அதனால் கார்தான். ஒவ்வொரு முறையும் பாதி மலையில், ஒரு டீக்கடைக்குப் பக்கத்து வளைவில், மரத்தடியில் வண்டி நிற்கும். டீக்கடைக்காரருக்கே பழகிவிட்டது. எங்கள் இன்ஜின் சத்தம் கேட்டதும் ஒரு குடம் தண்ணீரோடு ரோட்டுக்கு வந்துவிடுவார். கீழே இறங்குகிற பஸ்ஸின் கண்டக்டர் தலையை வெளியே நீட்டி, "என்ன சார், மூச்சு வாங்குதா?" என்று கேட்டுவிட்டுப் போவார்.

சித்தி இதையெல்லாம் பொறுத்தாள். பொறுக்க முடியாமல் போனது ஒரே ஒரு நாள். அவள் அக்காவுக்குக் கண்ணில் ஆபரேஷன் ஆகி, கட்டுப் பிரிக்கிற நாள். கட்டைப் பிரித்ததும் முதலில் உன் முகத்தைத்தான் பார்க்க வேண்டும் என்று அந்த அக்கா போனில் சொல்லியிருந்தார். சித்தி விடியற்காலையிலேயே எங்களைக் கிளப்பிவிட்டாள். மரத்தடி வளைவில் சித்தப்பா ஓரம் கட்டினார். ஆயில் ஆறட்டும் என்றார். ஆறியது. கிளம்பினோம். மறுபடி இறங்குது என்றார். மறுபடி ஆறட்டும் என்றார். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கட்டுப் பிரித்து, நர்ஸ் போய், அந்த அக்கா தூங்கி எழுந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். நர்ஸை விட்டால் முதலில் பார்த்த முகம் யாருடையது என்று சித்தி கேட்டாள். பால்காரர் முகமாம்.

அன்றைக்கு வீடு திரும்பும்வரை சித்தி ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தாள். இறங்கும்போது, கதவைச் சாத்துவதற்கு முன்னால் சொன்னாள்: "இந்த வண்டி இன்னிக்கு வரைக்கும் ஒரு தடவைகூட நின்னதில்லைங்க. நீங்கதான் நிறுத்துறீங்க."

யோசித்துப் பார்த்தேன். உண்மைதான். எனக்கு நினைவு தெரிந்து அது வழியில் தானாக நின்றதே இல்லை.

இந்தச் சூட்டோடு சூடாக இன்னொரு கண்டம் வந்தது. ஆயில் ஊற்றுகிற மூடியைச் சித்தப்பா திறந்து பார்த்தால், அடியில் வெள்ளையாக, வெண்ணெய் மாதிரி ஒரு கூழ். ஆயிலில் தண்ணீர் கலந்தால் அப்படித்தான் வரும். பரவாயில்லை வந்து விரலால் வழித்துப் பார்த்தார். முதல்முறையாக அவர் வாயிலிருந்து அந்தச் சொல் வரவில்லை. "கேஸ்கெட் போயிருக்கும் சார்," என்றார். தண்ணீர் ஓடுகிற வழிக்கும் ஆயில் ஓடுகிற வழிக்கும் நடுவே இருக்கிற தகடு கிழிந்திருக்குமாம். இன்ஜினின் தலையைக் கழற்றினார்கள். ஷெட்டில் கால் வைக்க இடமில்லாமல் சாமான் பரப்பிக் கிடந்தது. கேஸ்கெட் முழுசாக இருந்தது. எங்கேயும் கீறல்கூட இல்லை. புதுசு வாங்கியாகிவிட்டதே என்று அதையே போட்டு மூடினார்கள். சில வாரத்தில் மூடிக்கு அடியில் மறுபடி வெண்ணெய்.

அப்போதுதான் ஹோட்டல்காரர் வந்தார். ஊருக்கு வெளியே ரோட்டோரமாகப் புதிதாக ஹோட்டல் கட்டியிருந்தார். அவர் பேச்சு வாய் நிறைய வெல்லத்தை வைத்துக்கொண்டு பேசுவது மாதிரி இருக்கும். காரைச் சுற்றிச் சுற்றி வந்தார், மூக்கைத் தடவினார், "அடடா, என்ன அழகு, என்ன அழகு, என் செல்லமே" என்றார். சித்தப்பாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. உட்காரச் சொல்லி, கூலர், வால்வு, ஆயில் பதம் என்று ஆரம்பித்தார். ஹோட்டல்காரர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"இன்ஜின் எனக்கு வேண்டாம் சார். அதை நீங்களே வச்சுக்குங்க. பானெட்டைத் திறந்து வச்சு, உள்ள மண்ணு கொட்டி, பூச்செடி வைக்கப்போறேன். வாசல்ல நிறுத்தினா வர்றவங்க எல்லாம் போட்டோ எடுப்பாங்க."

சித்தப்பா எழுந்து உள்ளே போய்விட்டார். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால், ஷெட்டில் காரின் பானெட்மேல் கை வைத்துக்கொண்டு நிற்கிறார், ஆபரேஷனுக்கு முந்தின நாள் நோயாளியின் பக்கத்தில் நிற்பதுபோல. ஹோட்டல்காரரோ தன் போன் நம்பரைச் சித்தியிடம் கொடுத்துவிட்டுப் போனார். ஆள் பார்த்துத்தான் கொடுத்திருக்கிறார்.

அன்றைக்குச் சாப்பாட்டு மேஜையில் சித்தி தீர்ப்புச் சொன்னாள். சித்தி குரலை ஏற்றவே மாட்டாள். நூலகக் குரல். அதுதான் பயம்.

"ஞாயித்துக்கிழமை அக்கா வீட்டுக்குப் போறோம். நடுவுல நீங்களா வண்டியை நிறுத்தக் கூடாது. அதுவா நின்னா அது வேற. நீங்களா நிறுத்தினீங்கன்னா, திரும்பி வந்ததும் அந்த ஹோட்டல்காரருக்கு நானே போன் போடுவேன்."

"நிறுத்தாம ஓட்டி இன்ஜின் போயிடுச்சுன்னா?"

"போகட்டுமே. அவருக்குத்தான் இன்ஜின் வேண்டாமாமே."

சித்தப்பா என்னைப் பார்த்தார். நான் தட்டைப் பார்த்தேன்.

ஞாயிறு வந்தது. கிளம்புகிற நேரத்தில் சித்தப்பா ஆயிலைப் பார்த்தார், தண்ணீரைப் பார்த்தார், டயரை உதைத்தார், மறுபடி ஆயிலைப் பார்த்தார். சித்தி முன் சீட்டில் உட்கார்ந்து எலுமிச்சம்பழத்தை மடியில் வைத்துக்கொண்டாள். அவர் மூன்றாம் முறை ஆயிலைப் பார்க்கப் போனபோது, கையை நீட்டி ஹாரனை அழுத்தினாள். அழுத்தியவள் எடுக்கவில்லை. எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. சித்தப்பா அலறியடித்துக்கொண்டு ஓடிவந்து ஏறி வண்டியை எடுத்தார். நான் பின் சீட்டில். என் வேலை வாயை மூடிக்கொண்டு இருப்பது என்று சித்தி முன்பே சொல்லிவிட்டாள். அவரைப்போலவே பேசி அவரைக் கடுப்பேற்றினால் வழியில் இறக்கிவிடுவதாக ஏற்பாடு.

ஊர் எல்லைக்குள்ளேயே முள் வேலையைக் காட்டியது. வழக்கமாகச் சமதரையில் மேலேயே நிற்கிற முள், அன்றைக்கு அங்கேயே சரிய ஆரம்பித்தது. சித்தப்பா தாடை உள்ளே போனது. மலை ஏற ஆரம்பித்ததும் இன்னும் சரிந்தது.

"இறங்குது," என்றார்.

"மலை ஏறிட்டிருக்கோம். என்ன இறங்குது?"

"முள்ளு."

"அது இறங்கட்டும். நீங்க இறங்காதீங்க."

முள் பாதிக்கு வந்துவிட்டது. சித்தப்பா கழுத்தில் வேர்வை கோடாக இறங்கிச் சட்டைக் காலருக்குள் போனது. "எல்லாரும் மூச்சைப் பிடிச்சுக்குங்க" என்று முணுமுணுத்தார். எக்ஸ்ரே ரூமில் சொல்லிச் சொல்லி வந்த பழக்கம், பயம் வந்தால் தானாக வந்துவிடும். காரில் அதைச் சொல்வாரே ஒழிய, விடச் சொல்ல மட்டும் ஒருநாளும் ஞாபகம் வராது. நானும் ஏனோ பிடித்துக்கொண்டேன்.

டீக்கடை வளைவு வந்தது. டீக்கடைக்காரர் குடத்தோடு ரோட்டுக்கு வந்து, மரத்தடியில் நாங்கள் நிற்கிற இடத்தில் தயாராக நின்றார். சித்தப்பாவின் கால் பிரேக்கைத் தேடியது. சித்தி அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே, "ஹோட்டல்காரர் ரோஜா வைப்பாரா, செவ்வந்தி வைப்பாரா?" என்று என்னிடம் கேட்டாள். கால் ஆக்ஸிலரேட்டருக்குத் திரும்பிப் போனது. கண்ணாடி வழியாகத் திரும்பிப் பார்த்தேன். டீக்கடைக்காரர் குடத்தை இறக்கி வைக்கக்கூடத் தோன்றாமல் எங்களைப் பார்த்தபடியே நின்றார்.

அதற்கு மேலே, கொண்டை ஊசி வளைவில், மேலிருந்து பஸ் இறங்கியது. அதற்கு வழி விட்டு நிற்க வேண்டியதாயிற்று. சித்தப்பா திடுக்கிட்டுச் சித்தியைப் பார்த்தார். பஸ்ஸுக்கு நிற்பது கணக்கில் வராது, இன்ஜினை மட்டும் அணைக்காதீர்கள் என்றாள். நின்ற வண்டியில் இன்ஜின் மெல்ல ஓட, முள் கடகடவென்று கீழே விழுந்து, அடிமட்டத்துக்குக் கொஞ்சம் மேலே போய் உட்கார்ந்தது. இந்த இடத்தில் அதை யாரும் பார்த்ததில்லை. சித்தப்பா முகம் வெளிறிவிட்டது. பஸ் கண்டக்டர் தலையை நீட்டி, "சார், இன்னிக்கு விசிறி எங்க?" என்று கேட்டது அவர் காதில் விழவே இல்லை. கை சாவிக்குப் போய்விட்டது.

"போதும்மா," என்றார். "செத்துப் போயிடும். அவர் செடியே வச்சுக்கட்டும். நான் நிறுத்திடறேன்."

சித்தி அவர் கையைத் தட்டிவிட்டாள். அவர் சட்டைப் பையில் எப்போதும் ஒரு சுருள் பிளாஸ்திரி இருக்கும், ஆஸ்பத்திரி வெள்ளை பிளாஸ்திரி. அதை உருவி, பல்லால் கடித்துக் கிழித்து, மீட்டர்மேல் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டினாள். முள்ளும் தெரியவில்லை, புள்ளியும் தெரியவில்லை.

"இப்ப ஓட்டுங்க."

"கண்ணைக் கட்டிட்டு ஓட்டச் சொல்றே."

"ரோட்டைப் பாத்து ஓட்டச் சொல்றேன். ஊர்ல எல்லாரும் அப்படித்தான் ஓட்டறாங்க."

பஸ் போய்விட்டது. பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்தது. சித்தப்பா கியரைப் போட்டார். முதல் வளைவு வரை பிளாஸ்திரியைத்தான் பார்த்துக்கொண்டு ஓட்டினார். அதற்கு அடுத்த வளைவில் வேறு வழியில்லாமல் ரோட்டைப் பார்த்தார். அப்புறம் ஒரு வினோதம் நடந்தது. அவர் தலையைச் சாய்த்துக் காது கொடுத்துக் கேட்க ஆரம்பித்தார். இன்ஜின் ஒரே சீராகப் பாடிக்கொண்டிருந்தது. எப்போதும் மேட்டில் கெட்டித் தேனைக் கிளறுகிற மாதிரி முக்கும், அந்த முக்கல் இல்லை. லாரியை விட்டு நாங்கள் விலகிப் போய்க்கொண்டிருந்தோம். "மூணாவது கியர்லயே இழுக்குது," என்றார், நம்பாமல்.

சித்தியின் அக்கா கேட்டில் நின்று எங்களைப் பார்த்துத் திகைத்துப் போனார். "பஸ்ல வந்தீங்களா?" என்று கேட்டார், கார் கண்ணெதிரே நிற்கும்போதே. சாயங்காலத்துக்கு மேல்தான் வருவோம் என்று நம்பி அடுப்பே பற்ற வைக்கவில்லையாம். சித்தி இறங்கி அக்கா கன்னத்தைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னாள், அக்கா சிரித்தார்.

சித்தப்பா யாருக்கும் வணக்கம்கூடச் சொல்லவில்லை. நேரே வண்டியின் முன்னால் போனார். பானெட்டைத் தூக்கப் போனவர், பாதியில் குனிந்து பம்பருக்குக் கீழே பார்த்தார். அப்படியே மண்டி போட்டு உட்கார்ந்துவிட்டார்.

கூலர் இரண்டையும் மூடிக்கொண்டு ரெக்ஸின் உறை இருந்தது. நாடா கட்டிய முடிச்சு அப்படியே. காலையில் சித்தி அழுத்திய ஹாரனில் அவிழ்க்க மறந்திருக்கிறார். காற்றே படாமல், கம்பளி போர்த்தின மாதிரி, அந்தக் கூலர்கள் மலையேறி வந்திருக்கின்றன.

தீய்ந்துபோயிருக்கும் என்ற பயத்தோடு எழுந்து, பானெட்டைத் தூக்கி, ஆயில் அளவு பார்க்கிற குச்சியை உருவினார். ஆயில் பழுப்பாக, தெளிவாக இருந்தது. கருகின வாசம் இல்லை. ஆயில் மூடியைத் துணியால் பிடித்துத் திருகித் திறந்தார். அடியில் வெண்ணெய் இல்லை. துடைத்து வைத்த மாதிரி சுத்தம். வெளியே ஆவி மட்டும் கொஞ்சம் வந்தது.

"சூடே ஆகாம ஓட்டியிருக்கேன்," என்றார் எங்களைப் பார்க்காமல். "அதான் உள்ள ஈரம் போகவே இல்ல. ஆவியாகிப் போறதுக்குச் சூடு வேணுமே. கேஸ்கெட்டும் இல்ல, ஒண்ணும் இல்ல." மூடியைத் திருகிக்கொண்டே, "ஆனா முள்ளு ஏன் புள்ளியில நிக்கல? வாங்கினப்ப நின்னுச்சே?" என்றார்.

வீட்டுக்குள் போய்க்கொண்டிருந்த சித்தி வாசற்படியில் திரும்பினாள். முகத்தில் எரிச்சலைத் தாண்டி ஒரு களைப்பு.

"எப்ப நின்னுச்சு? நான் வேலைக்குக் கிளம்பிட்டிருந்தேன். வண்டியை ஸ்டார்ட் பண்ணின உடனே, சீக்கிரம் நெயில் பாலிஷைக் கொண்டு வா, கொண்டு வான்னு கத்தினீங்க. ஒரு கால்ல செருப்போட ஓடி வந்து குடுத்தேன். வண்டி ஷெட்டை விட்டே வெளிய வரல."

ராத்திரி முழுக்கக் குளிர்ந்து கெட்டியாகக் கிடந்த ஆயில். முதல் நிமிடத்து முள். அதைப் பார்த்து வைத்த புள்ளி. அன்றிலிருந்து, ஓடுகிற இன்ஜினைத் தூங்கி எழுந்த நேரத்து இன்ஜினோடு ஒப்பிட்டுக்கொண்டே வந்திருக்கிறார் மனிதர்.

அளவுக் குச்சி கையில் இருக்க, மறுபடி மண்டி போட்டு உட்கார்ந்து, ரொம்ப மெதுவாகச் சொன்னார்: "மூச்சை முழுக்க இழுத்துப் பிடிச்சப்ப எடுத்த படம் அது. அதைப் பக்கத்துல மாட்டி வச்சுக்கிட்டு, மூச்சு விட்டுட்டு நிக்கறவனைப் பாத்து, ஏன்டா உன் நெஞ்சு சுருங்கிப் போச்சுன்னு கேட்டுட்டு இருந்திருக்கேன். எங்க டிபார்ட்மென்ட்ல புதுசா சேர்ந்த பையன்கூட இந்தத் தப்பைப் பண்ண மாட்டான்."

பேசிக் காட்ட எனக்கு அருமையான சந்தர்ப்பம். ஆனால் அவர் குரலில் அப்போது தாடையும் இல்லை, மூக்கும் இல்லை. வெறும் சித்தப்பா மட்டும்தான் இருந்தார். வாயை மூடிக்கொண்டேன்.

சாப்பிட்டு முடித்துக் கிளம்பும்போது, சித்தி தன் அக்காவின் அலமாரியிலிருந்து நெயில் பாலிஷ் அழிக்கிற பாட்டிலும் பஞ்சும் கொண்டு வந்தாள். பிளாஸ்திரியைப் பிய்த்தாள். சித்தப்பா கை தானாக நடுவில் வந்தது. "ஒரு நிமிஷம்," என்றார். சித்தி காத்திருந்தாள். அவர் கையை எடுத்துக்கொண்டார். சித்தி ஒரே துடைப்பில் புள்ளியை அழித்தாள். கண்ணாடியில் எதுவும் மிச்சமில்லை.

வழியில் எங்கேயும் நிற்காமல் வீடு வந்து சேர்ந்தோம். ஷெட்டுக்குள் வண்டியை விட்டு, இன்ஜினை அணைத்து, சாவியை உருவிய சித்தப்பாவுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது.

"விடலாம்," என்றார்.

"யாரு பிடிச்சிருந்தா?" என்றாள் சித்தி, கதவைத் திறந்துகொண்டே. "நான் டீக்கடையிலயே விட்டாச்சு."

ஹோட்டல்காரர் மறுநாள் போன் செய்தார். சித்தப்பாவே எடுத்து, கார் கிடையாது, வேண்டுமானால் ஆயில் கூலர் இரண்டு இருக்கிறது, கொடி படர விடலாம் என்றார். வெல்லக் குரல் போனை வைத்துவிட்டது. பரவாயில்லை வந்து கூலர்களைக் கழற்றினார். புது ஆயில், வண்டிக்குச் சொன்ன பதத்தில். நடந்ததையெல்லாம் கேட்டுவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டே, கொட்டாவியோடு அந்த ஒரு சொல்லைச் சொன்னார்.

சித்திக்கு விடிவு காலம் என்று நினைத்தேன். அடுத்த வாரம் அவளை வேலைக்குக் காரில் கொண்டுபோய் விடுவதாகச் சித்தப்பா சொன்னார். ஸ்டார்ட் செய்தார். முள் ஜம்மென்று மேலே போனது. அவர் முகம் சுருங்கியது.

"ரொம்ப மேல நிக்குது," என்றார். "ஆயில் இன்னும் சூடாகல. இப்ப எடுக்கறது இன்ஜினுக்கு நல்லதில்ல. கொஞ்சம் இறங்கட்டும்."

சித்தி கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வண்டி ஷெட்டில் நின்றபடி ஓடிக்கொண்டிருந்தது. சித்தப்பா முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார். இறங்கியது, ஆனால் அவருக்குப் போதவில்லை. பள்ளிக்கூட மணி எங்கள் தெருவரைக்கும் கேட்கும். கேட்டது.

சித்தி கையை நீட்டி ஹாரனில் வைத்தாள். அழுத்தவில்லை. அந்த நூலகக் குரலில் சொன்னாள்: "ஏங்க, அந்த ஹோட்டல்காரர் நம்பர் இன்னும் என்கிட்டதான் இருக்கு."

வண்டி ஷெட்டை விட்டு வெளியே வந்தது.